அம்பு அடம் பிடிக்கிறதா?

கிரைண்டருக்கு ஒரு சுபாவம் உண்டு. வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற நாள் பார்த்துத்தான் அது நிற்கும். மிக்ஸியும் லேசுப்பட்டதல்ல, தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து இறங்கிய பிறகுதான் அதற்கு ஜன்னி காணும். இந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை லாப்டாப். வந்தது பிந்தியானாலும், வீட்டு வழக்கத்தை அது வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டது. மின்சாரக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள், பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி மணி நேரம், பேரனை அமெரிக்காவிலிருந்து திரையில் காட்டுவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை - அன்றைக்குத்தான் திரையில் இருக்கும் அந்தச் சின்ன அம்புக்குறி, நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

"என்னங்க, இந்த அம்பு அசையவே இல்லையே!"

"நீ என்ன செய்தாய்?"

"நான் என்ன செய்தேன்? வழக்கம்போலத் தடவினேன்."

"சரி, சரி. நீ தொடாதே. நாளைக்குக் கடைக்கு எடுத்துப் போகிறேன்."

இந்தச் சம்பாஷணை நடக்காத வீடு இருக்கிறதா? கடைக்குப் போன லாப்டாப் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும். கூடவே ஒரு பில்லும் வரும். என்ன கோளாறு என்று கேட்டால், "டச்பேட் போச்சுங்க" என்ற இரண்டு வார்த்தைதான் பதில். எப்படிப் போயிற்று, எங்கே போயிற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"தொடாதே" என்று சொன்னாரே, அதில் பாதி நியாயம் இருக்கிறது. டச்பேட் என்கிற அந்தத் தடவு பலகைக்கு வரும் நோய்களில் ஒன்றே ஒன்று ஆபத்தானது. அதை வீட்டில் யாரும் தொடவே கூடாது, ஐயாவும் கூடத்தான். மற்ற நோய்களில் பெரும்பாலானவற்றைத் திருப்புளியைக் கையில் எடுக்காமலே, உலை கொதிக்கும் நேரத்துக்குள் சரி செய்துவிடலாம். எது எந்த நோய் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வைத்தியம் முக்கால்வாசி முடிந்த மாதிரிதான்.

தடவினால் அதற்கு எப்படித் தெரிகிறது?

மவுஸ் என்கிற எலியை 1960-களில் உருவாக்கியவர் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்ற அமெரிக்கர். முதல் எலிக்கு உடம்பு மரத்தால் ஆனது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெரிய சபைக்கு முன்னால் அவர் அதை இயக்கிக் காட்டினார். மேஜை மேல் ஓட அந்த எலி போதும். ஆனால் மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் வந்தபோது எலியை எங்கே ஓட விடுவது? 1991-இல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் பவர்புக்கில் ஒரு சிறு உருண்டையைப் பதித்து, அதை விரலால் உருட்டச் சொன்னார்கள். உருண்டைக்கு அடியில் தூசியும் பிசுக்கும் சேர்ந்தன. அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. 1994-இல் வந்த அவர்களுடைய பவர்புக் 500 வரிசையில் உருண்டைக்குப் பதிலாகத் தட்டையான பலகையே வந்துவிட்டது. இன்று நாம் தடவுவது அதன் சந்ததியைத்தான்.

பலகைக்கு அடியில், குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய உலோகக் கோடுகள் ஓடுகின்றன. புள்ளி வைத்துக் கோடு இழுத்த கோலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளில் துளி மின்சாரம் இருக்கும். நம் உடம்பு உப்பும் நீரும் கலந்தது. மின்சாரத்துக்கு இடம் கொடுப்பது. விரல் பலகையை நெருங்கியதும், அந்த இடத்தில் இருக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு விரலின் பக்கம் சாய்கிறது. கோலத்தின் எந்தப் புள்ளியில் அளவு மாறியது என்று உள்ளே உள்ள சிப்பு ஒரு விநாடிக்குள் பல தடவை அளந்து பார்த்து, அம்பை அதற்குத் தக்கபடி நகர்த்துகிறது. நம்பிக்கை வரவில்லையா? பென்சிலின் மரப் பக்கத்தால் தடவிப் பாருங்கள். அம்பு ஏறிட்டுக்கூடப் பார்க்காது.

தடவுவது ஒரு வேலை. 'டக்' என்று அழுத்துவது இன்னொரு வேலை. அழுத்துவதற்குப் பலகையின் கீழே தனியாக ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. பல லாப்டாப்களில் பலகையின் மேல் ஓரம் கீல் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். கீழ் ஓரம் இறங்கி ஸ்விட்சைத் தட்டும். அதனால்தான் நம் பக்கம் இருக்கும் ஓரத்தில் அழுத்துவது சுலபமாகவும், மேல் ஓரத்தில் அழுத்துவது கடினமாகவும் இருக்கிறது.

எனவே முதல் கேள்வி இதுதான்: உங்கள் லாப்டாப்பில் கெட்டது தடவலா, அழுத்தலா? அம்பு ஓடுகிறது, ஆனால் 'டக்' விழவில்லை என்றால் கோளாறு ஸ்விட்சிலோ அதன் அடியிலோ இருக்கிறது. 'டக்' விழுகிறது, அம்பு ஓடவில்லை என்றால் கோளாறு பலகையின் மேல்பரப்பிலோ, அதிலிருந்து போகும் கேபிளிலோ, கம்ப்யூட்டரின் புத்தியிலோ இருக்கிறது.

முதல் வைத்தியம்: கண்

கையை வைப்பதற்கு முன்னால் கண்ணை வையுங்கள். லாப்டாப்பை அணைத்து, சமதளமான மேஜை மேல் வைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். டச்பேட் அக்கம்பக்கத்தைவிட மேடாக, அப்பளம் உப்பினாற்போல் எழும்பியிருக்கிறதா? ஸ்கேலின் ஓரத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் முட்டுகிறதா? மூடினால் மூடி முழுவதும் படியாமல் இடைவெளி விடுகிறதா? மேஜை மேல் வைத்தால் நொண்டி நாற்காலி போல ஆடுகிறதா? அடிப்பாகத்தின் விளிம்பு பிரிந்திருக்கிறதா?

இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் சந்தேகம் டச்பேட் மேல் இருக்கக் கூடாது. அதன் அடியில் படுத்திருக்கும் பாட்டரி மேல் இருக்க வேண்டும்.

பெரும்பாலான புது லாப்டாப்களில், கை வைத்துக்கொள்ளும் பகுதிக்கும் டச்பேடுக்கும் நேர் கீழேதான் பாட்டரி இருக்கிறது. அது லித்தியம் அயான் பாட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதைச் சாத்தியமாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உபகாரமான பாட்டரிதான், ஆனால் வயசானாலும், சூடு அதிகமானாலும், உள்ளே பழுது ஏற்பட்டாலும், அதிலுள்ள திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. பாட்டரியின் உறை மெல்லிய பை மாதிரி இருப்பதால், வாயு சேரச் சேரப் பை உப்புகிறது. உப்பிய பை மேலே இருக்கும் டச்பேடை முட்டித் தள்ளுகிறது. ஸ்விட்ச் இறங்க இடமில்லை. 'டக்' நின்றுவிடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? டச்பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துகிறோம்! உப்பிய பாட்டரியை மேலிருந்து அழுத்துவது எப்பேர்ப்பட்ட விபரீதம் என்று சொல்லவும் வேண்டுமா? உறையோ உள்ளே உள்ள மெல்லிய தடுப்போ கிழிந்தால் பாட்டரி தீப்பிடிக்கலாம்.

இந்த நிலையில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். லாப்டாப்பை அணையுங்கள். சார்ஜரை எடுத்துவிடுங்கள், மறுபடி மாட்டாதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவருக்கு ஒரு காபி கொடுத்து வழியனுப்பி வையுங்கள். மெத்தை, திரைச்சீலை, காகிதக் கட்டு இவற்றுக்கு அருகில் இல்லாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல், சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ் தரையிலோ வைத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கோ தேர்ந்த ரிப்பேர்க்காரருக்கோ தகவல் சொல்லுங்கள். "உள்ளே கல்யாண போட்டோ எல்லாம் இருக்கிறதே, ஒரு பத்து நிமிஷம் ஓட்டிக் காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று மனசு அடித்துக்கொள்ளும். வேண்டாம். போட்டோக்கள் பாட்டரியில் இல்லை. அவை தனியாக வேறு இடத்தில் இருக்கின்றன. பாட்டரியை அகற்றிய பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

சீறல் சத்தமோ, தித்திப்பும் காரமும் கலந்தாற்போல் ஒரு நாற்றமோ, புகையோ வந்தால் லாப்டாப்பைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போய், 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பாட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022-இல் இந்திய அரசு கொண்டுவந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களுடையது. புதுப் பாட்டரி வாங்கும் இடத்திலேயே பழையதைக் கொடுத்துவிடுவது நல்லது.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவ மாணவிகளுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அந்தக் காலத்து மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தால், இன்றைக்கே எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்த வயதுடைய லாப்டாப்கள் பலவற்றில் பாட்டரி அடிப்பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டு வைத்தாற்போல் இருக்கும். தாழ்ப்பாளை நகர்த்தினால் கையோடு வந்துவிடும். அப்படி வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். உப்பி இறுகியிருந்தால் மட்டும் நெம்ப வேண்டாம்.

திறக்காமலே தீரும் நோய்கள்

பலகை தட்டையாக இருக்கிறது, பாட்டரி சாது. நல்லது! இனி தைரியமாகக் கை வைக்கலாம். ஒரு சாதாரண மவுஸ் வீட்டில் இருந்தால் அதைச் செருகிக்கொள்ளுங்கள். அவசர வேலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு நிதானமாக வைத்தியம் பார்க்கலாம்.

முதலாவது, கை. தேங்காய் எண்ணெய் தடவிய தலையை வாரிவிட்ட விரலும், பாத்திரம் தேய்த்து ஈரம் காயாத விரலும் பலகையைக் குழப்பும். எண்ணெய்ப் படலமும் வியர்வையும் பலகை மேல் சேர்ந்துவிட்டால், விரல் எங்கே முடிகிறது, பிசுக்கு எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் புரியாது. அம்பு தாவித் தாவி ஓடும். லாப்டாப்பை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெத்தென்ற துணியில் ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, பலகையையும் அதைச் சுற்றியுள்ள இடுக்கையும் துடையுங்கள். ஆல்கஹாலைப் பலகை மேல் நேராக ஊற்றக் கூடாது. நகப்பூச்சை அழிக்கும் திரவம் உதவாது. அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். உலர்ந்த பிறகு, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, பூட்டு. எழுதும்போது உள்ளங்கை தவறிப் பட்டுவிடுகிறது என்பதற்காக, டச்பேடை அணைத்து வைக்க ஒரு வசதி உண்டு. பல லாப்டாப்களில் மேல் வரிசை விசைகளில் ஒன்றில், சதுரத்தின் மேல் கோடு கிழித்தாற்போல் ஒரு படம் இருக்கும். குழந்தை விளையாட்டாக அதை அழுத்தியிருக்கலாம். அந்த விசையைத் தனியாகவும், கீழ் மூலையில் உள்ள எஃப்.என். விசையோடு சேர்த்தும் அழுத்திப் பாருங்கள். பயன் இல்லையென்றால் விண்டோஸ் விசையைத் தட்டி, டச்பேட் என்று ஆங்கிலத்தில் எழுதி, எண்டரை அழுத்துங்கள். வருகிற பக்கத்தில் டச்பேட் 'ஆன்' என்று இருக்க வேண்டும். அதே பக்கத்தில், மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யட்டுமா என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் அடையாளம் இல்லையென்றால், மவுஸ் இருக்கும்வரை டச்பேட் மௌன விரதம்தான். மேக் லாப்டாப்களிலும் இதே மாதிரி ஒரு வசதி, 'ஆக்ஸசிபிலிட்டி' பகுதியில் 'பாயிண்டர் கண்ட்ரோல்' என்ற இடத்தில் இருக்கிறது. என்றோ ஒரு நாள் சேர்த்த கம்பியில்லா மவுஸ் கைப்பைக்குள் விழித்துக்கொண்டிருந்தால்கூட டச்பேட் ஒதுங்கி நிற்கும்!

மூன்றாவது, சார்ஜர். இது மிகவும் வேடிக்கையான நோய். சார்ஜர் மாட்டினால் அம்பு பேய் பிடித்தாற்போல் ஆடும், எடுத்துவிட்டால் சாதுவாகிவிடும். உலோக உடம்பு கொண்ட லாப்டாப் என்றால், சார்ஜ் ஆகும்போது அதன் மேல் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள்; ஜிவ்வென்று ஓர் உணர்ச்சி தெரியும். பிளக்கில் எர்த் சரியாக இல்லாததால், சார்ஜரிலிருந்து கசியும் சொற்ப மின்சாரம் போக வழியில்லாமல் லாப்டாப்பிலேயே உலாவுகிறது. துளி மின்சாரத்தை அளந்து பிழைக்கும் டச்பேட் பாவம், என்ன செய்யும்? மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் கட்டையை எடுத்தெறிந்துவிட்டு, நேராக மூன்று துளைப் பிளக்கில் மாட்டுங்கள். சார்ஜர் அந்த லாப்டாப்புக்கு உரியதுதானா என்று பாருங்கள். அப்படியும் ஜிவ்வென்றால், வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சோதிக்க வேண்டியதுதான். டச்பேடின் புண்ணியத்தில் குளியலறை ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கிடைத்துவிடும்.

நான்காவது, புத்தி மயக்கம். லாப்டாப்பை ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். மூடியை மூடி வைப்பது இதற்குச் சமமாகாது. அப்போதும் சரியாகவில்லை என்றால், மவுஸ் செருகியபடியே விண்டோஸ் விசையுடன் எக்ஸ் எழுத்தை அழுத்தி, பிறகு எம் எழுத்தை அழுத்துங்கள். 'டிவைஸ் மேனேஜர்' திறக்கும். அதில் 'மைஸ்' என்று தொடங்கும் தலைப்பிலோ 'ஹியூமன் இண்டர்ஃபேஸ்' என்ற தலைப்பிலோ டச்பேட் பெயர் இருக்கும். அதன் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, மறுபடி 'ரீஸ்டார்ட்' செய்தால், கம்ப்யூட்டர் டச்பேடைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளும். பட்டியலில் டச்பேட் பெயரே காணோம் என்றால், உள்ளே கேபிள் கழன்றிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, 'டக்' மட்டும் விழாதவர்களுக்கு. அதே டச்பேட் பக்கத்தில் 'டேப்' என்ற வசதியை இயக்கிவிட்டால், அழுத்தவே வேண்டாம். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். இரண்டு விரலால் சேர்த்துத் தட்டினால் வலது பொத்தான். ஸ்விட்ச் தேய்ந்துபோன எத்தனையோ லாப்டாப்கள் இந்த ஒரு மாறுதலால் இன்னும் சில வருஷம் ஓடும். காலணாச் செலவில்லாத ரிப்பேர் இது!

ஒரு விஷயம். 2015 முதல் வந்த ஆப்பிள் மேக்புக்குகள் பலவற்றில் 'ஃபோர்ஸ் டச்' என்ற வகைப் பலகை வந்தது. அதில் பலகை கீழே இறங்குவதே இல்லை. அழுத்தத்தை அளந்து, மின்காந்தத்தால் ஒரு சிறு அதிர்வு கொடுத்து, அழுத்தினாற்போல் நம்மை ஏமாற்றுகிறது. லாப்டாப்பை முழுவதும் அணைத்தால் அந்த 'டக்' வராது. அதைக் கண்டு பலகை கெட்டுவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம்.

திறந்துதான் ஆக வேண்டுமானால்

இவ்வளவுக்கும் மசியவில்லை, வாரண்டிக் காலமும் முடிந்துவிட்டது, பாட்டரி உப்பவில்லை என்பதும் நிச்சயம். இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் திருப்புளியை எடுக்கலாம். வாரண்டி இருக்கும்போது திறந்தால், இலவசமாகக் கிடைக்க வேண்டிய ரிப்பேருக்கு நாமே காசு கொடுக்க நேரிடலாம்.

முதலில் உங்கள் லாப்டாப்பின் மாடல் எண்ணை அடிப்பக்கத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் கழற்றும் முறையைப் படத்தோடு வெளியிட்டிருக்கின்றன. பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுது பார்த்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும் என்பதற்காக, 2022 டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் ரிப்பேர் விவரங்களையும் உதிரிப் பாகங்களைப் பற்றிய தகவல்களையும் ஒரே இடத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். உங்கள் மாடலுக்கான படத்தைப் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடத் திருகாதீர்கள்.

பாட்டரியைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விட்டு, அணைத்து, சார்ஜரை எடுத்துவிடுங்கள். வெளிச்சமான மேஜை. நைலக்ஸ் புடவை வேண்டாம், பருத்திப் புடவை நல்லது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது. திறக்குமுன் வீட்டின் இரும்புக் குழாயையோ அதுபோன்ற பெரிய உலோகப் பொருளையோ ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளைக் காகிதத்தில் லாப்டாப்பின் அடிப்பாகத்தைப் பெரிதாக வரையுங்கள். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றியதும், படத்தில் அதே இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் நீளம் வேறு. குட்டைத் துளையில் நெட்டைத் திருகாணியை ஏற்றினால், அது மறுபக்கத்தில் எதையாவது குத்திவிடும். ரப்பர்க் கால்களுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம். எல்லாத் திருகாணியும் வந்த பிறகு, காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் முனையை இடுக்கில் விட்டு மெல்ல ஓட்டினால் அடிமூடி பிரியும். கத்தி உதவாது.

திறந்ததும் முதல் வேலை, பாட்டரியிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றுவது. நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ நகர்த்துங்கள், உலோகம் கூடாது. பாட்டரி ஓரிடத்தில் உப்பியிருப்பது இப்போது தெரிந்தால், அங்கேயே நிறுத்தி மூடியை வைத்துவிடுங்கள். பாட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தால் அதை நெம்பவே நெம்பாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் டச்பேட் வேலை, கடைக்காரர் வேலை.

டச்பேடிலிருந்து ரிப்பன் போன்ற தட்டையான ஒரு கேபிள் போர்டுக்குப் போகும். லாப்டாப் கீழே விழுந்தாலோ அதிர்ந்தாலோ இது லேசாக நழுவியிருக்கும். அம்பு அடியோடு மறைந்ததற்கும், பட்டியலில் டச்பேட் பெயர் இல்லாததற்கும் இதுவே காரணமாகலாம். கேபிள் நுழையும் இடத்தில் நகக்கண் அளவில் ஒரு சிறு மடிப்புத் தாழ் இருக்கும். அதை நகத்தால் தூக்கினால் கேபிள் தானாக வரும்; தூக்காமல் இழுத்தால் கிழியும். கேபிளின் முனையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் கோணாமல் முழுவதும் நுழைத்து, தாழை மூடுங்கள். சில மாடல்களில் தாழ் இழுவை மாதிரி பக்கவாட்டில் நகரும். படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு டச்பேடைச் சுற்றியுள்ள இடுக்கைப் பாருங்கள். மிக்சர் ஓமப்பொடி, முறுக்குத் துண்டு, பென்சில் சீவல் - பிள்ளைகள் படித்த வரலாறு முழுவதும் அங்கே இருக்கும். ஸ்விட்சுக்கு அடியில் ஒரு பருக்கைத் துணுக்கு சிக்கினால் போதும், 'டக்' நின்றுவிடும். மெல்லிய, உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள். ஸ்விட்ச் தேய்ந்து, அழுத்தினால் எட்டவில்லை என்று தெரிந்தால், அது பலகையில் படும் இடத்தில் மிக மெல்லிய டேப் ஒரு சிறு துண்டு ஒட்டிப் பார்க்கலாம். ஒரு பொட்டு அளவு போதும். தடித்துவிட்டால், அழுத்தாமலே அழுத்தியபடி நிற்கும்.

புது டச்பேடே மாற்ற வேண்டியிருந்தால், பழையதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சென்னைவாசிகள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போவார்கள். லாப்டாப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வந்தவற்றிலும் பாகம் வேறாக இருக்கும். ரவிக்கைத் துணிக்குப் புடவையையே எடுத்துப் போகிறோம் அல்லவா? அந்த ஜாக்கிரதை இதற்கும் வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

காபியோ தண்ணீரோ கொட்டிய லாப்டாப்பை வீட்டில் இயக்கிச் சோதிக்க வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜரை எடுத்து, ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பதால் உள்ளே படிந்த சர்க்கரையும் உப்பும் போகாது. திருகாணி தலை மழுங்கிச் சுற்றினாலும், தாழ் உடைந்தாலும், எதற்காவது பலத்தைக் காட்ட வேண்டியிருந்தாலும் நிறுத்துங்கள். லாப்டாப்புக்குள்ளே பலம் தேவைப்படும் வேலை எதுவும் இல்லை.

கடைக்குப் போவதனால் நாம் செய்ததெல்லாம் வீண் என்று எண்ண வேண்டாம். "டச்பேட் வேலை செய்யவில்லை" என்று சொல்லி நிற்பது ஒரு விதம். "அம்பு ஓடுகிறது, அழுத்தல் விழவில்லை, சார்ஜர் இல்லாமலும் அப்படித்தான், செட்டிங் எல்லாம் பார்த்துவிட்டேன், பாட்டரி உப்பவில்லை" என்று சொல்வது இன்னொரு விதம். இரண்டாவது விதமாகப் பேசுகிறவரிடம், தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பில் போட யாருக்கும் துணிவு வராது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பாட்டரியாக இருந்தால் மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் போட்டோக்களையும் காகிதங்களையும், லாப்டாப் நல்ல நிலையில் ஓடுமானால், வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

தையல் பெட்டி இல்லாத வீடு உண்டா? பொத்தான் அறுந்தால் தையற்காரரைத் தேடி ஓடுகிறோமா? அந்தப் பெட்டிக்கு அருகில் சின்னத் திருப்புளி ஒரு செட்டு, மெத்தென்ற துணி, பழைய மவுஸ் ஒன்று ஆகியவற்றையும் சேர்த்து வைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை, ஒட்டடை அடிக்கும் நாளில், லாப்டாப்பையும் மேஜை மட்டத்தில் கண் வைத்து ஒரு பார்வை பாருங்கள். பலகை தட்டையாக இருந்தால் நிம்மதியாகத் தூசி தட்டி மூடி வைக்கலாம். மேடு தட்டியிருந்தால், ஒரு விபத்து நடப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.